கோடிங் படிச்ச பிள்ளையளுக்கு அனலொக்கும் கையால பழக்கிக் குடுங்கோ

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

உங்கட பத்திரிகையில ரோபோ போட்டி, கோடிங் வகுப்பு, மாணவர் செய்த சென்சர் கருவி எண்டு செய்தி வரேக்க நான் ஒண்டும் விடாம வாசிக்கிறனான், உண்மையா சந்தோசமா இருக்கும். திருகோணமலையில நான் பாக்கிற பிள்ளையளும் ஒருத்தருக்கும் குறைஞ்சவை இல்லை. ஆர்டுயினோ எண்ட, கோட் எழுதி ஓட்டுற சின்ன போர்டைக் கையில எடுத்தா கொஞ்ச நாளிலயே எல்ஈடி மினுக்கி, மோட்டர் சுத்தி, போனுக்கு மெசேஜ் அனுப்புற அளவுக்கு வந்திடுவினம். ஆனா அதே பிள்ளையிட்ட ஒரு ட்ரான்சிஸ்டர், நாலு ரெசிஸ்டர், ஒரு மைக் குடுத்து சத்தத்தைக் கொஞ்சம் கூட்டிக் காட்டு எண்டா கை அப்பிடியே நிண்டிடும். பிள்ளையில பிழை இல்லை. ஏலெவல் பௌதிகவியலில டயோட், ட்ரான்சிஸ்டர், சின்ன சிக்னலைப் பெருப்பிக்கிற ஒப் ஆம்ப் ஐசி எல்லாம் இருக்கு, கணக்கும் நல்லாச் செய்வினம், ஆனா அந்த ஒப் ஆம்ப்பை பிரெட்போர்ட் எண்ட துளைப் பலகையில குத்தி, பற்றரி குடுத்து, அது ஏன் கணக்கில வந்த மாதிரி வேலை செய்யேல்லை எண்டு மண்டையை உடைக்கிற சந்தர்ப்பம் கனபேருக்குக் கிடைக்கிறதே இல்லை. ஒண்டு, பூச்சியம் எண்டு ரெண்டு நிலை மட்டும் உள்ள டிஜிட்டல் பழகின பிள்ளை, வோல்ட் தொடர்ச்சியாக் கூடிக் குறையிற அனலொக் பக்கம் நடந்து வர எங்கட ஊரில ஒரு பாதை வேணும், அதுக்குத்தான் இந்தக் கடிதம்.

நான் கனகாலம் மைக்ரோகண்ட்ரோலர் எண்ட சின்னக் கொம்பியூட்டர் சிப்புக்கு புரோகிராம் எழுதுற வேலை செய்து, பிறகு தராசு, சார்ஜர், ஆம்ப்ளிஃபயர் எண்டு திருத்துற வேலைக்கு வந்தவன், அதால ரெண்டு பக்கமும் கொஞ்சம் தெரியும். டிஜிட்டல் சேர்க்கிட் மன்னிக்கும். 5 வோல்ட்டில ஓடுற 74எச்சி எண்ட டிஜிட்டல் ஐசி 1.5 வோல்ட்டுக்குக் கீழ வந்தா பூச்சியம் எண்டு எடுக்கும், 3.5க்கு மேல போனா ஒண்டு எண்டு எடுக்கும், வயரில அங்க இங்க 0.3 வோல்ட் இரைச்சல் ஏறினாலும் அதுக்கு ஒண்டும் ஆகாது. அனலொக்கில அந்த 0.3 வோல்ட்தான் முழுக் கதையே. அதுக்குள்ளதான் மீனின்ர நிறை இருக்கு, தண்ணியின்ர மட்டம் இருக்கு, பாடுறவரின்ர குரல் இருக்கு.

மீன் தராசையே எடுங்கோ, எங்கட சந்தையில எல்லாரும் காணுற சாமான். உள்ளுக்க லோட் செல் எண்டு ஒரு அலுமினியக் கட்டை இருக்கும், அதில ஒட்டின ஸ்ட்ரெயின் கேஜ் (இழுபட ரெசிஸ்டன்ஸ் மாறுற மெல்லிய தகடு) நாலும் பாலம் மாதிரி இணைச்சிருக்கும். நிறை வைக்க கட்டை கண்ணுக்குத் தெரியாத அளவு வளையும், ரெசிஸ்டன்ஸ் துளி மாறும். அனேகமான லோட் செல் முழு நிறைக்கு, குடுக்கிற ஒவ்வொரு வோல்ட்டுக்கும் 2 மில்லிவோல்ட்தான் தரும். 5 வோல்ட் குடுத்தா முழு 40 கிலோவுக்கும் சேத்து 10 மில்லிவோல்ட். அப்ப ஒரு கிலோவுக்கு கால் மில்லிவோல்ட், பத்து கிராமுக்கு 2.5 மைக்ரோவோல்ட். இனி ஆர்டுயினோ ஊனோவைப் பாருங்கோ, அதில வோல்ட்டை நம்பரா மாத்துற ஏடிசி 10 பிட், 5 வோல்ட்டை 1024 படியாப் பிரிக்கும், ஒரு படி 4.88 மில்லிவோல்ட். கணக்குப் போட்டா ஒரு படிக்கு 19.5 கிலோ வரும்! இருபது கிலோ பாரை மீனைத் தூக்கி வச்சாலும் நம்பர் ஒண்டு மட்டும் கூடும். கோட் எவ்வளவு கெட்டித்தனமா எழுதினாலும் இதை மாத்தேலாது, சிக்னல் ஏடிசிக்குப் போக முதலே அதைப் பெருப்பிச்சாகணும்.

பிள்ளையள் இதுக்கு எச்எக்ஸ்711 மொடியூல் வாங்கிப் போடுவினம், நல்ல சாமான்தான், உள்ளுக்கயே 128 மடங்கு பெருப்பிச்சு 24 பிட்டில வாசிச்சுத் தரும். ஆனா தராசு காலமை ஒரு நிறை மத்தியானம் ஒரு நிறை காட்டத் தொடங்கினா அந்த மொடியூலுக்குள்ள என்ன நடக்குது எண்டு தெரிஞ்ச ஆள்தான் அதைத் திருத்த ஏலும், மற்றவை லைப்ரரியை, அதாவது ஆராவது எழுதி வச்ச ஆயத்தக் கோடை, மாத்தி மாத்திப் போட்டுக் கொண்டே இருப்பினம்.

கிரவுண்ட் வயரை, அதாவது கரண்ட் திரும்பிப் போற கறுப்பு வயரைப் பற்றியும் சொல்லாம விடேலாது. கொம்பியூட்டர் திரையில வரையிற சேர்க்கிட்டில கிரவுண்ட் எண்டு ஒரு சின்னக் கீறு போட்டிட்டா எல்லா இடமும் பூச்சியம் வோல்ட் எண்டு எடுத்துக்கொள்ளலாம், மேசையில அப்பிடி ஒண்டும் இல்லை. வயல்க்கிணத்து மோட்டரை டாங்கி நிரம்பினவுடன தானா நிப்பாட்டுற கருவி ஒண்டு செய்யுறம் எண்டு வைப்பம், 12 வோல்ட் சின்னப் பம்ப், தண்ணி மட்டம் பாக்கிற சென்சர், ரெண்டுக்கும் ஒரே கறுப்பு வயர். வயர் 0.75 சதுர மில்லிமீட்டர், நீளம் 4 மீட்டர் எண்டா அதின்ர ரெசிஸ்டன்ஸ் ஏறக்குறைய 0.09 ஓம். பம்ப் 2 ஆம்ப் இழுத்தா அந்த வயரிலயே 180 மில்லிவோல்ட் விழும், சென்சரின்ர கிரவுண்ட் அவ்வளவுக்கு மேல தூக்கும், ஏடிசியில அது கிட்டத்தட்ட 37 படி. பம்ப் ஓடேக்க தண்ணி திடீரெண்டு கூடின மாதிரிக் காட்டும், நிண்டவுடன இறங்கும், உடன பம்ப் திரும்ப ஓடும், திரும்ப நிக்கும். பிள்ளை கோடில பிழை தேடி ராத்திரி முழுக்க முழிச்சிருக்கும். பம்ப்புக்கு ஒரு கறுப்பு வயர், சென்சருக்கு வேற ஒரு கறுப்பு வயர், ரெண்டும் பவர் சப்ளையில ஒரே இடத்தில சேரட்டும், அவ்வளவுதான் வேலை. இதைப் பத்து நிமிசத்தில ஒரு சாதாரண மீட்டரை வச்சுக் காட்டலாம், வயரின்ர ரெண்டு முனையிலயும் புரோபை வைக்க மில்லிவோல்ட் ஏறுறதைப் பிள்ளை தன்ர கண்ணால காணும், கண்டதை மறக்காது.

இன்னொண்டு சொல்லவேணும், இது கோட் எழுதுறவைக்குத்தான் நல்லா உறைக்கும். எங்கட நாட்டுக் கரண்ட் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். சென்சர் வயர் நீளமா மெயின்ஸ் வயரோட சேந்து ஓடினா அதில 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் ஏறும். பிள்ளை லூப்பில டிலே 20 எண்டு போட்டிருக்கும், மற்ற வேலையளின்ர நேரமும் சேர ஒரு சுத்து 20.4 மில்லிசெக்கன் ஆகும், அப்ப செக்கனுக்கு ஏறக்குறைய 49 தரம் வாசிக்குது. 50 ஹெர்ட்ஸ் இரைச்சலை 49 தரம் வாசிச்சா அது 1 ஹெர்ட்ஸ் அலையா வந்து நிக்கும். கிராஃபில பாத்தா தண்ணி மெதுவா ஏறி இறங்குற மாதிரி அழகா இருக்கும், பிள்ளை அது டாங்கிக்குள்ள அலை அடிக்குது எண்டு நம்பும். வாசிச்ச பிறகு எந்தக் கோடாலயும் அது நிசத் தண்ணி அலையா கரண்ட் இரைச்சலா எண்டு பிரிக்கேலாது, ரெண்டும் ஒண்டாக் கலந்திட்டுது. ஏடிசிக்கு முதல் 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒண்டும் 1 மைக்ரோஃபரட் கப்பாசிட்டர் ஒண்டும் போட்டா 16 ஹெர்ட்ஸுக்குக் கிட்ட இருந்து மேல உள்ளதெல்லாம் குறையத் தொடங்கும், 50 ஹெர்ட்ஸ் மூண்டில ஒரு பங்குக்கும் கீழ வந்திடும், இன்னும் வேணுமெண்டா கப்பாசிட்டரைப் பெருசாக்கலாம். ரெண்டே ரெண்டு சாமான். ஆனா எந்த இடத்தில போடுறது, ஏன் கோடுக்கு முதல் போடவேணும் எண்டு ஆராவது பக்கத்தில இருந்து சொல்லவேணும்.

ஒப் ஆம்ப் வாங்கப் போனா கடையில எல்எம்358 தருவினம், மலிவு, எங்கயும் கிடைக்கும், நல்ல ஐசி. பாடப் புத்தகத்து ஒப் ஆம்ப் சப்ளை வரைக்கும் ஏறும், இது ஏறாது. 5 வோல்ட் குடுத்தா வெளிய வாறது 3.5 வோல்ட்டுக்குக் கிட்ட நிண்டிடும், டாங்கி நிரம்பி வழிஞ்சாலும் திரையில 70 வீதம் எண்டுதான் நிக்கும். ஐசி செய்தவை தாற விபரத் தாளான டேட்டாஷீட்டில ஒரு வரியில அது எழுதியிருக்கு, அந்த வரியைத் தேடி வாசிக்கிறதுதான் அனலொக் வேலையில பாதி. சப்ளை வரைக்கும் ஏறி இறங்குற எம்சிபி6002 மாதிரி ஒண்டு போடலாம், இல்லாட்டி 358க்கு மட்டும் 9 வோல்ட் குடுத்து வெளிய வாறதை 5க்கு மேல போகாம ரெசிஸ்டரால பிரிச்சு ஏடிசிக்குக் குடுக்கலாம். ட்ரான்சிஸ்டரும் அப்பிடித்தான். பிசி547 எண்டு ஒரே பேரில வாறதுக்கு கெய்ன், அதாவது பெருப்பிக்கிற மடங்கு, 110இல இருந்து 800 வரைக்கும் எங்கயும் இருக்கலாம், கணக்கில 200 எண்டு எழுதிச் சரியா விடை எடுத்த பிள்ளை கடையில வாங்கினதைப் போட்டா வேற விடை வரும். எமிட்டர் எண்ட காலில ஒரு ரெசிஸ்டர் போட்டு கெய்னை ட்ரான்சிஸ்டரில தங்கியிராம ரெசிஸ்டரில தங்கப் பண்ணுறதுதான் அதுக்கு மருந்து. சூடும் இருக்கு. ட்ரான்சிஸ்டரின்ர பேஸ், எமிட்டர் எண்ட ரெண்டு காலுக்கும் நடுவில உள்ள வோல்ட்டேஜ் சூடு ஒரு பாகை கூடினா 2 மில்லிவோல்ட் குறையும், தகரக் கூரைக்குக் கீழ இருக்கிற பெட்டி ராத்திரி 25 பாகை, பகல் 60 எண்டா 70 மில்லிவோல்ட் தானா நகரும்.

இனி எங்கட ஊருக்கெண்டே உள்ள ஒரு விசயம், உப்புக் காத்து. கடலோரம் வைக்கிற போர்டில உப்பும் ஈரமும் படிஞ்சு ரெண்டு காலுக்கு நடுவில கண்ணுக்குத் தெரியாத ரெசிஸ்டர் ஒண்டு முளைச்சிடும். அது 10 மெக் ஓம் எண்டே வைப்பம். நீங்க சென்சருக்கு 1 மெக் ஓம் ரெசிஸ்டர் போட்டிருந்தா அது இப்ப 0.91 மெக் ஆயிடும், ஒன்பது வீதம் போச்சு. அதே இடத்தில 1 கிலோ ஓம் போட்டிருந்தா ஒண்டும் தெரியாது. வேற நாட்டு ஆள் உலர்ந்த அறைக்குள்ள செய்து காட்டுற சேர்க்கிட்டை அப்பிடியே எடுத்துக் கொண்டு போய் மீன்பிடித் துறையில வச்சா ஏன் ஒரு மழைக்காலத்துக்குள்ள பிழைக்குது எண்டதுக்கு இதுதான் பெரும்பாலும் காரணம். ரெசிஸ்டர் பெறுமதியைக் குறைச்சு எடுக்கிறது, ஈயம் ஒட்டின பிறகு படிஞ்சு கிடக்கிற ஃப்ளக்ஸ் பசையை ஐசோபுரோபைல் அல்கஹோலால கழுவுறது, காய்ஞ்ச பிறகு வார்னிஷ் பூசுறது, இது மூண்டும் திருகோணமலைப் பிள்ளை முதல் வருசத்திலயே பழகவேணும். ஏடிசியும் இதைத்தான் கேக்குது, ஊனோவில இருக்கிற ஏடிமெகா328பி சிப் தனக்கு வாற சிக்னலின்ர எதிர்ப்பு 10 கிலோ ஓமுக்குள்ள இருந்தா நல்லது எண்டு டேட்டாஷீட்டிலயே சொல்லியிருக்கு.

கோயில் திருவிழாவில மைக் பிடிச்சவுடன ஸ்பீக்கர் கூவுறதை எல்லாரும் கேட்டிருப்பம். ஸ்பீக்கரில வந்த சத்தம் மைக்குக்குள்ள திரும்பப் போய் இன்னும் பெருசா வருது, அது பொசிட்டிவ் ஃபீட்பேக். அதையே தலைகீழாத் திருப்பி, வெளிய வாறதில ஒரு பங்கை உள்ள வாறதோட கழிச்சு விட்டா ஆம்ப்ளிஃபயர் அடங்கி ஒழுங்கா நடக்கும். இதைக் கண்டு பிடிச்சவர் ஹரோல்ட் பிளாக், பெல் லாப்ஸ் பொறியியலாளர். தூரத்துக்குப் போற டெலிபோன் லைனில ஆம்ப்ளிஃபயர் ஒண்டுக்குப் பின்னால ஒண்டு வர வரக் குரல் கெட்டுப் போறதை எப்பிடி நிப்பாட்டுறது எண்டு வருசக்கணக்கா யோசிச்சவர், 1927 ஆகஸ்ட் 2ஆம் திகதி காலமை வேலைக்கு ஃபெரியில ஹட்சன் ஆத்தைக் கடக்கேக்க விடை வர, கையில இருந்த நியூயோர்க் டைம்ஸ் பேப்பரின்ர வெறும் பக்கத்திலயே படத்தைக் கீறி வச்சார். பேட்டண்ட் கிடைக்க 1937 ஆயிட்டுது. மூதூருக்கு லோஞ்ச் ஏறிப் போய்ப் பழகின ஊர்ப் பிள்ளையளுக்கு இந்தக் கதையைச் சொன்னா அவையின்ர முகம் மாறும், நான் கண்டிருக்கிறன். கெய்ன் ஒரு லட்சம் இருக்கிற ஒப் ஆம்ப்பை ரெண்டு ரெசிஸ்டரால பத்து மடங்குக்கு அடக்கி வைக்கிறம் எண்டா அது அந்த ஃபெரியில வந்த யோசினைதான்.

சரி, எங்க தொடங்குறது? என்ர அபிப்பிராயம் 555 டைமர் ஐசி. ஹான்ஸ் காமென்சிண்ட் 1971இல வரைஞ்சது, அடுத்த வருசம் சிக்னெடிக்ஸ் சந்தைக்கு விட்டது, இண்டைக்கும் எல்லாக் கடையிலயும் இருக்கு. டிஜிட்டல் படிச்ச பிள்ளைக்கு அதின்ர வெளிப் பக்கம் தெரிஞ்ச முகம், ஒண்டு, பூச்சியம், ஒண்டு, பூச்சியம் எண்டு வரும். உள்ளுக்க கப்பாசிட்டர் சப்ளையின்ர மூண்டில ரெண்டு பங்கு வரைக்கும் ஏறி, மூண்டில ஒரு பங்கு வரைக்கும் இறங்கி, வோல்ட்டை ஒப்பிட்டுப் பாக்கிற ரெண்டு கொம்பரேட்டர் அதைக் காவல் காத்துக் கொண்டு இருக்கும். கப்பாசிட்டரின்ர காலில மீட்டரையோ, வோல்ட்டின்ர அலையைத் திரையில காட்டுற ஓஸிலஸ்கோப்பையோ வச்சு அந்த ஏற்ற இறக்கத்தைப் பாத்த பிள்ளை டிஜிட்டலுக்கு அடியில அனலொக்தான் ஓடுது எண்டு தானாவே கண்டு கொள்ளும். பிறகு ஒரு ட்ரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயர், ஒப் ஆம்ப், ஃபில்டர், கடைசியா ஒரு பவர் சப்ளை. பவர் சப்ளையைக் கடைசியா வைக்கச் சொல்லுறதுக்குக் காரணம் மெயின்ஸ். கொம்பியூட்டரில இருக்கிற மாதிரி சுவிட்ச் மோட் சப்ளை ஒண்டின்ர பெரிய கப்பாசிட்டரில 325 வோல்ட் நிக்கும், பிளக்கைக் கழட்டின பிறகும் நிக்கலாம், பெரியாள் ஒருத்தர் பக்கத்தில இல்லாம எந்தப் பிள்ளையும் அதைத் திறக்கக் கூடாது. அதுவரைக்கும் எல்லாம் 9 வோல்ட், 12 வோல்ட் பற்றரியிலயே செய்யலாம்.

எல்டிஸ்பைஸ் எண்டு இலவச சிமுலேட்டர் இருக்கு, பிள்ளையள் அதில விளையாடட்டும், நல்லது. ஆனா நீங்க வரையாத எதுவும் அதில வராது. நீளமான வயரும் வராது, உப்பும் வராது, பிரெட்போர்டில பக்கத்துப் பக்கத்து வரிசைக்கு நடுவில இருக்கிற ரெண்டு மூண்டு பிகோஃபரட்டும் வராது, ஐசியின்ர காலோட ஒட்டிப் போடவேண்டிய 104 (0.1 மைக்ரோஃபரட்) கப்பாசிட்டரை மறந்தாலும் அது கோவிக்காது.

இதைப் பழக்கிக் குடுக்க ஆள் இல்லை எண்டு மட்டும் ஒருத்தரும் சொல்ல வேண்டாம். ஒரு காலத்தில ஜெர்மனியின்ர டொய்ச்ச வெல்ல வானொலி ரிலே ஸ்டேஷன் வச்சு சிற்றலையில ஒலிபரப்பின ஊர் இது, சின்னச் சின்ன ரேடியோக் கடையள் அப்ப இருந்து இருக்கு. அந்தக் கடையில இருக்கிற ஐயாமார் கப்பாசிட்டரின்ர மேல் பக்கம் வீங்கினதைப் பாத்தே வருத்தம் சொல்லுவினம், ஆம்ப்ளிஃபயரின்ர இரைச்சலைக் கேட்டே இது 50 ஹெர்ட்ஸ், வயரில ஏறுது, இது 100 ஹெர்ட்ஸ், ஃபில்டர் கப்பாசிட்டர் பழுதாப் போச்சு எண்டு பிரிச்சுச் சொல்லுவினம். 2022 நெருக்கடியில சாமான் வராம நிண்ட நேரம் எங்கட வீட்டு மிக்சியையும் ஃபேனையும் ஓட வச்சவையும் அவைதான். இப்ப கனபேருக்கு வயசு போயிட்டுது, பிள்ளையள் வேற தொழிலுக்குப் போயிட்டினம், கடை பூட்டினா அந்த அறிவும் சேந்து பூட்டுப்படும். அவைக்குச் சான்றிதழ் இல்லை எண்டு பள்ளிக்கூடம் தயங்குது. சனிக்கிழமையில ரெண்டு மணித்தியாலம், பௌதிகவியல் ஆசிரியர் ஒருத்தர் கூட இருக்க, அந்த ஐயாவுக்கு ஒரு மரியாதையான கொடுப்பனவும் குடுத்து ஆய்வுகூடத்தைத் திறந்து விட்டா என்ன குறைஞ்சு போகும்? சாமானுக்குப் பெரிய செலவும் இல்லை, பழுதான டிவி போர்டு, கொம்பியூட்டர் பவர் சப்ளை எண்டு கடைக்குப் பின்னால குவிஞ்சு கிடக்குது, கழட்டி எடுத்து அளந்து பாத்துப் பாவிக்கலாம், கழட்டுறதே ஒரு படிப்பு. பள்ளிக்கூடத்துக்கு ஒண்டு எண்டு இல்லாட்டியும் வலயத்துக்கு ஒரு ஓஸிலஸ்கோப் வாங்கிச் சுத்தி விடலாம்.

போட்டி நடத்துறவையிட்டயும் ஒரு கோரிக்கை. மைக்ரோகண்ட்ரோலர் பாவிக்கக் கூடாது எண்டு ஒரு பிரிவு வையுங்கோ. இருட்டினா எரியுற லைட், பற்றரி நிரம்பினா தானா நிக்கிற சார்ஜர், வானொலி ஒண்டு, எதுவெண்டாலும் ட்ரான்சிஸ்டரும் ஒப் ஆம்ப்பும் மட்டும் வச்சுச் செய்யட்டும், நடுவர் வந்து ஒரு ரெசிஸ்டரைக் கழட்டிப் போட்டு இப்ப என்ன நடக்கும் எண்டு கேக்கட்டும். அந்தப் பிரிவில நிண்ட பிள்ளை மாவு மில்லிலயோ சீமெந்துத் தொழிற்சாலையிலயோ வேலைக்குப் போற நாளில சென்சரின்ர அளவைக் கரண்டா அனுப்புற 4 – 20 மில்லிஆம்ப் லூப்பைப் பாத்துப் பயப்படாது. 250 ஓம் ரெசிஸ்டரில அது 1 – 5 வோல்ட்டா மாறும் எண்டும், பூச்சியம் வந்தா டாங்கி வெறுமை இல்லை, வயர் அறுந்துபோச்சு எண்டும் சொல்லும்.

ஆசிரியர் அவர்களே, உங்கட பத்திரிகையின்ர மாணவர் பக்கத்தில கிழமைக்கு ஒரு சின்ன சேர்க்கிட், உள்ளங்கை அளவு இடம் காணும், போடுவீங்களெண்டா பெரிய உதவி. படம் தெளிவா, ரெசிஸ்டர் பெறுமதியோட, எந்தக் காலில எத்தினை வோல்ட் வரவேணும் எண்டு எழுதிப் போடவேணும், அப்பதான் பிள்ளை மீட்டரை வச்சுச் சரி பாக்கும். முதல் பத்தையும் நானே வீட்டில செய்து, அளந்து பாத்து எழுதித் தாறன், காசு ஒண்டும் வேண்டாம். 555இல இருந்து தொடங்குவம்.

இப்படிக்கு,
உப்புவெளி வாசகன்,
திருகோணமலை.